கடலையும் முட்டையும் நிறுத்தினால் வயிற்றுப் பிள்ளைக்கு அலர்ஜி வராதா?

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். இரண்டாவது பிள்ளை, இப்போது ஐந்து மாதம். மூத்தவளுக்கு 4 வயது. அவளுக்கு மூன்று மாதத்திலேயே கன்னத்திலும் கை கால்களிலும் கரப்பான் வந்தது. ஒன்றரை வயதில் முதல் தடவையாக முட்டை கொடுத்தோம். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்துவிட்டாள். ரத்தப் பரிசோதனை செய்து முட்டை அலர்ஜி என்றார்கள். என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நான் கடலை மிட்டாயும் முட்டையும் நிறையத் தின்றதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று அத்தை சொல்கிறார்கள். பயந்துபோய் இந்தத் தடவை முட்டை, கடலை, மீன், பால், கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் இரண்டு மாதமாக நிறுத்திவிட்டேன். இறால் தின்றால் மட்டும் எனக்கு உதடு அரித்து வீங்கும். போன மாதம் எடை ஏறவில்லை, ரத்தம் 9.1 என்றார்கள். மூத்தவளுக்கு என்னால்தான் வந்ததா? இந்தப் பிள்ளைக்கு வராமல் இருக்க இன்னும் எதை நிறுத்த வேண்டும்? மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்:

சகோதரி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்களால் வரவில்லை. நீங்கள் தின்ற கடலை மிட்டாயும் முட்டையும் உங்கள் மகளுக்கு முட்டை அலர்ஜியைக் கொண்டு வரவில்லை. ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், காரணத்தைக் கீழே விளக்குகிறேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், எத்தனையோ அம்மாக்கள் இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டுதான் என் அறைக்குள் வருகிறார்கள். குழந்தையின் கன்னத்தில் இருக்கும் சிவந்த திட்டைக் காட்டுவதற்கு முன்னாலேயே, "நான்தான் டாக்டர், ஏழாம் மாசம் கருவாடு தின்னுட்டேன்" என்று கண் கலங்குகிறவர்கள் உண்டு.

இரண்டாவது கேள்விக்கும் நேரான பதில்: இறாலைத் தவிர எதையும் நிறுத்தாதீர்கள். இரண்டு மாதமாக நிறுத்தியதையெல்லாம் இன்று இரவுச் சாப்பாட்டிலிருந்தே மறுபடி ஆரம்பியுங்கள். இறாலை விடச் சொல்வதுகூடப் பிள்ளைக்காக இல்லை, உங்களுக்காகத்தான். உதடு வீங்குவது உங்கள் உடம்பில் இருக்கிற அலர்ஜி, அது அடுத்த தடவை மூச்சுத் திணறல் வரை போகலாம், கர்ப்ப காலத்தில் அந்த ஆபத்தை நாம் வரவழைக்கக் கூடாது. நண்டும் அதே வகைதான், அதையும் ஒதுக்கி வையுங்கள். மீன் வேறு, மீன் தின்று இதுவரை உங்களுக்கு எதுவும் ஆகவில்லை என்றால் தாராளமாகச் சாப்பிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. எடை ஏறவில்லை, ரத்தம் 9.1. கடிதத்தில் போகிற போக்கில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 10-க்குக் கீழே போனால் அது மிதமான ரத்தசோகை என்ற கணக்கில் வந்துவிடும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர், அதோடு கூட ஒரு பத்தியமும் சேர்ந்துகொண்டது.

உங்கள் தட்டில் என்ன நடந்தது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு கைப்பிடிக் கடலை, அதாவது 30 கிராம், அதில் 7 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். இரண்டு துண்டு மீனில் 14, 15 கிராம் வரும். நான்கையும் நிறுத்தியதால் ஒரு நாளைக்கு 30 கிராமுக்கு மேல் கையை விட்டுப் போகிறது. சாதாரணமாக நம் பெண்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே 46 கிராம்தான். நான்காம் மாதத்திலிருந்து அதற்கு மேல் 9.5 கிராமும், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் கூட வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஏற வேண்டிய நேரத்தில் நீங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். மிச்சம் இருப்பது சோறு, ரசம், ஏதோ ஒரு காய், கொஞ்சம் பருப்பு. அதை வைத்துக்கொண்டு ஒரு உடம்பு இன்னொரு உடம்பை எப்படிக் கட்டும்?

சரி, பயந்து நிறுத்தியதற்குப் பலனாவது உண்டா என்று கேட்டால், அதுவும் இல்லை. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் முட்டை, பால் போன்றவற்றைத் தாய் விலக்கினால் பிள்ளைக்குக் கரப்பானோ அலர்ஜியோ குறையுமா என்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு 2012-இல் வந்தது. குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று: விலக்கிச் சாப்பிட்ட தாய்மார்களுக்கு எடை கூடுவது குறைந்திருந்தது. உங்களுக்கு நடப்பது அதேதான்.

இப்போது கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அத்தை சொல்வதை ஒரு காலத்தில் டாக்டர்களும் சொன்னோம். 1998-இல் பிரிட்டனில், குடும்பத்தில் அலர்ஜி இருந்தால் கர்ப்பிணிகள் வேர்க்கடலையைத் தவிர்க்கலாம் என்று அரசே ஆலோசனை சொன்னது. 2000-இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கமும் அதே வழியில் போய், அலர்ஜிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முட்டை 2 வயதுக்கு மேல், கடலையும் மீனும் 3 வயதுக்கு மேல் கொடுத்தால் போதும் என்றது. நாங்கள் படித்த புத்தகங்களிலும் அதுதான் இருந்தது. நானும் சொன்னேன். அலர்ஜி உள்ள வீட்டு அம்மாக்களிடம் "முட்டை இப்ப வேண்டாம், இரண்டு வயசு ஆகட்டும்" என்று நானே சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்தச் சீட்டுகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2008-இல், இதற்கு ஆதாரம் போதாது என்று அமெரிக்கச் சங்கம் திரும்பப் பெற்றுக்கொண்டது. மறு ஆண்டே பிரிட்டனும் மாற்றியது. ஆனால் ஒரு தடவை வீடுகளுக்குள் போய்விட்ட பயம் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதில்லை. உங்கள் மகளுக்கு ஒன்றரை வயது வரை முட்டை கொடுக்காமல் இருந்ததும்கூட யாரோ நல்ல மனசோடு சொன்ன அந்தப் பழைய ஆலோசனையின் மிச்சமாகத்தான் இருக்கும். அதற்காகவும் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள், சொன்னது நாங்கள்.

ஏன் மாற்றினார்கள்? லண்டனில் கிடியன் லாக் என்று ஒரு குழந்தை அலர்ஜி மருத்துவர். இஸ்ரேலில் டெல் அவிவ் நகரில் பேசப் போன இடத்தில், கடலை அலர்ஜி உள்ள குழந்தைகளைப் பார்த்திருக்கிறீர்களா என்று அங்குள்ள மருத்துவர்களைக் கேட்டிருக்கிறார். லண்டனில் கேட்டிருந்தால் எல்லாக் கையும் உயர்ந்திருக்கும், அங்கே இரண்டு மூன்று கைதான் உயர்ந்தது. விசாரித்தால், இஸ்ரேலில் பல் முளைக்கும் முன்பே குழந்தைகள் 'பாம்பா' என்ற கடலைத் தின்பண்டத்தைச் சப்பிக்கொண்டிருக்கின்றன. கரைந்துபோகும் பொரி மாதிரி ஒன்று. இரண்டு நாட்டு யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2008-இல் எழுதினார்கள்: கடலை அலர்ஜி பிரிட்டனில் நூற்றுக்கு 1.85, இஸ்ரேலில் 0.17. கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம்.

அப்புறம் முறையாகவே சோதித்தார்கள். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகள், 4 மாதத்திலிருந்து 11 மாதத்துக்குள் இருந்தவர்கள். பாதிப் பேருக்கு வாரம் மூன்று வேளையாவது கடலைப் பொருள், மீதிப் பேருக்குக் கடலையே கிடையாது. ஐந்து வயது வரை இப்படி. 2015-இல் முடிவு வெளிவந்தது. விலக்கியவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குக் கடலை அலர்ஜி. தின்று வளர்ந்தவர்களில் 3 பேருக்குத்தான். 'லீப்' ஆய்வு என்று சொல்வார்கள். இந்த ஒரு ஆய்வு எங்கள் பாடத்தையே தலைகீழாக மாற்றிவிட்டது. முட்டைக்கும் ஜப்பானில் பார்த்தார்கள்: கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு முதலில் தோலைச் சரிசெய்துவிட்டு, ஆறாம் மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப் பொடியை மிகச் சிறிய அளவில் தினமும் கொடுத்ததில், ஒரு வயதில் முட்டை அலர்ஜி நூற்றுக்கு 8 பேருக்கு. கொடுக்காதவர்களில் 38.

கவனித்தீர்களா, இந்தக் கதையெல்லாம் பிள்ளை என்ன தின்றது, எப்போது தின்றது என்பதைப் பற்றித்தான். வயிற்றில் இருக்கும்போது அம்மா என்ன தின்றாள் என்பதன் பங்கு மிகச் சிறியது. நீங்கள் தின்பதில் அணுவளவு புரதம் பிள்ளையிடம் போகிறது, உண்மைதான். ஆனால் அலர்ஜியை உண்டாக்கும் ஐஜிஇ என்கிற எதிர்ப்புப் புரதம் உங்களிடமிருந்து தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவதில்லை. பிள்ளை தன் உடம்பில் தானே அதை உண்டாக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்ததில், கடலை, பாதாம் வகைகளை வாரம் 5 தடவையாவது தின்ற தாய்மார்களின் பிள்ளைகளுக்கு அந்த அலர்ஜி குறைவாகவே இருந்தது. அது 2014-இல் வந்தது. தாய்க்கே கடலை அலர்ஜி இல்லாத வீடுகளில் கண்டது அது. உடனே கடலையை மருந்தாக நினைத்து டப்பா டப்பாவாகத் தின்ன வேண்டாம், சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டு எண்ணிப் பார்த்ததுதானே தவிர, சோதனை செய்து நிரூபித்தது இல்லை. தின்றால் கெடுதல் இல்லை என்ற தைரியத்துக்கு அது போதும்.

கரப்பான் பண்டம் விஷயத்துக்கு வருகிறேன். கத்தரிக்காய், கருவாடு, மொச்சை, சோளம், கடலை என்று நம் ஊரில் ஒரு வரிசையே உண்டு. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனசு வராது, ஏனென்றால் அந்த வரிசைக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கண்கள் இருக்கின்றன. கத்தரிக்காயில் அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் இயற்கையாகவே இருக்கிறது, சரியாகப் பதப்படாத கருவாட்டிலும் அது கூடும். ஏற்கெனவே தோல் அரிக்கிற ஒருவர் இதைத் தின்றால் அரிப்பு அதிகமாகலாம். அதைத்தான் நம் பாட்டிகள் பார்த்தார்கள், சரியாகத்தான் பார்த்தார்கள். ஆனால் தின்கிறவருக்கு அரிப்பது ஒன்று, தின்கிறவர் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நாளைக்கு அலர்ஜி வருவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் பாலம் கிடையாது. கத்தரிக்காய்க் குழம்பு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதென்றால் சாப்பிடுங்கள்.

அப்படியானால் மூத்தவளுக்கு ஏன் வந்தது? அப்பாவுக்கு இளைப்பு, உங்களுக்கு இறால், இரண்டு பக்கமும் அலர்ஜி உள்ள உடல்வாகு. அது முதல் காரணம், அதை யாரும் மாற்ற முடியாது. இரண்டாவது, மூன்று மாதத்தில் வந்த அந்தக் கரப்பான். இதைத்தான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், இந்தப் பிள்ளைக்கு உங்களால் ஏதாவது செய்ய முடியும் என்றால் அது இங்கேதான். குழந்தைக்கு ஒரு உணவு முதலில் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்தால் குடல் அதை உறவுக்காரனாக ஏற்றுக்கொள்கிறது. அதே உணவு வெடித்த, புண்பட்ட தோல் வழியாக முதலில் உள்ளே போனால் உடம்பு அதைத் திருடனாக நினைத்துச் சண்டைக்குத் தயாராகிறது. கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைத் தோல் தடிப்புக்குப் பூசிய குழந்தைகளிடம் கடலை அலர்ஜி அதிகம் காணப்பட்டதை பிரிட்டனில் 2003-இலேயே எழுதியிருக்கிறார்கள். வீட்டுத் தூசியிலும் கையிலும் நாம் தின்னும் முட்டை, கடலை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கத்தான் செய்யும். கதவு திறந்து கிடந்தால் உள்ளே போகும்.

ஒரு தடவை ஐந்து மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாட்டியும் அம்மாவும் வந்தார்கள். கன்னம் இரண்டும் சிவந்து, மேலே மெல்லிய மஞ்சள் நீர் கசிந்து காய்ந்திருந்தது. முதுகைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி விரலில் உரசியது. காதுக்குப் பின்னால் மடிப்பில் வெளிறிய மாவு ஒட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன். தினமும் எண்ணெய் தேய்த்து, பயத்தமாவும் கடலை மாவும் கொஞ்சம் பாதாமும் அரைத்துப் பூசித் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம், நிறம் வரட்டும் என்று, என்றார் பாட்டி. அவ்வளவு ஆசையோடு செய்கிற காரியம். அந்த வெடித்த தோலில் தினமும் அரைத்துத் தேய்த்தது எல்லாமே தின்னும் பொருள். மாவை நிறுத்தி, தோலுக்கு மருந்து கொடுத்து, மூன்று வாரத்தில் அந்தக் கன்னம் கன்னமாக ஆனது.

அதனால் இந்தப் பிள்ளைக்கு மாவுக் குளியல் வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து பத்து நிமிடம், அழுத்தித் தேய்க்காமல். ஈரம் முழுவதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனை சேர்க்காத களிம்போ மெல்லப் பூசினால் போதும். கடலை எண்ணெய், பாதாம் எண்ணெய், கடுகெண்ணெய் இதெல்லாம் தோலில் வேண்டாம். பூசுகிறவர் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பூச வேண்டும், இட்லிக்குக் கடலைச் சட்னி தொட்ட கையோடு பிள்ளையைத் தடவக் கூடாது. நல்லா இருக்கிற தோலில் வருஷம் முழுக்கக் களிம்பு பூசினால் கரப்பானே வராது என்று கடைக்காரர் சொன்னால் நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். பிரிட்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் அதைப் பார்த்துவிட்டார்கள், தடுக்கவில்லை. ஆனால் திட்டு வந்துவிட்டால், முதல் சிவப்பைப் பார்த்ததுமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். "பால் கரப்பான்தான், தானாப் போயிடும்" என்று மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். ஜப்பானில் 2023-இல் வந்த ஆய்வில், கைக்குழந்தையின் கரப்பானை ஆரம்பத்திலேயே முழு மூச்சாக மருந்து போட்டு அடக்கியவர்களில் முட்டை அலர்ஜி நூற்றுக்கு 31 ஆகவும், வழக்கம்போல வைத்தியம் செய்தவர்களில் 42 ஆகவும் இருந்தது. ஸ்டீராய்டு களிம்பு என்றதும் பயப்பட வேண்டாம், ஆனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசவும் வேண்டாம், அளவும் நாளும் டாக்டர் சொன்னபடி.

பிறந்த உடனே சர்க்கரைத் தண்ணீர், நாக்கில் தொட்டு வைக்கும் சேனை, பால் பவுடர் எதுவும் வேண்டாம், சீம்பாலும் தாய்ப்பாலும் மட்டும். பிள்ளை பெற்ற பிறகு பத்தியம் என்று மறுபடி தட்டைச் சுருக்கிவிடாதீர்கள். நீங்கள் தின்பதில் கொஞ்சம் பாலில் வரும், அது நல்லதுதான். குழந்தைக்கு மலத்தில் ரத்தம் வருவது மாதிரி ஏதாவது தெரிந்தால் மட்டும், மருத்துவர் சொன்னால், சில வாரம் ஒரு பொருளை நிறுத்திப் பார்க்கலாம்.

ஆறு மாதம் முடிகிற சமயத்தில், கழுத்து நின்று, கஞ்சியும் பருப்புச் சோறும் இறங்க ஆரம்பித்ததும் முட்டையைக் கொண்டு வாருங்கள். தோல் நன்றாக இருக்க வேண்டும், காய்ச்சல் சளி இருக்கக் கூடாது. பதினைந்து நிமிடம் நன்றாக வேகவைத்து, வெள்ளையும் மஞ்சளும் சேர்த்து மசித்து, முதல் நாள் ஒரு பட்டாணி அளவு. காலை வேளையில் கொடுங்கள், இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள், ராத்திரி கொடுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை விடாமல் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கொடுத்து ஒரு மாதம் மறந்தால் பயன் இல்லை. கடலையும் அதே மாதிரி, ஆனால் வறுத்து, தோல் நீக்கி, மாவாகப் பொடித்துக் கேழ்வரகுக் கூழில் கலந்து. முழுக்கடலை, உடைத்த கடலை, கடலை மிட்டாய் எதுவும் ஐந்து வயது வரை கிடையாது. மூச்சுக்குழாயில் கடலை சிக்கி, நீலம் பாரித்து வரும் குழந்தைகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப்பக்கம் இருக்கிறீர்கள், வீடு முழுக்க உதிர்ந்து கிடக்கும், தவழும் பிள்ளை இருக்கும் தரையைப் பெருக்கிக்கொண்டே இருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பிள்ளைக்கும் கடுமையான கரப்பான் வந்தாலோ, முட்டை கொடுத்துத் தடிப்பு வந்தாலோ, கடலையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், கரப்பான் என்றால் நான்கு மாதம் தாண்டியதுமே, தடிப்பு என்றால் அது வந்ததுமே, அலர்ஜி தெரிந்த மருத்துவரிடம் போய் அவர் முன்னால் ஆரம்பிக்க வேண்டும். அக்காவுக்கு முட்டை அலர்ஜி என்பதற்காக மட்டும் தம்பிக்கோ தங்கைக்கோ முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை தேவையில்லை, எதை எடுத்தாலும் 'பாசிட்டிவ்' என்று ஒரு பட்டியல் வரும், தின்னக்கூடிய பத்துப் பொருளை வீணாக நிறுத்துவீர்கள். உணவு கொடுத்த பிறகு உடம்பெல்லாம் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, இருமல், இளைப்பு, துவண்டுபோவது, இதில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108.

மீன் எண்ணெய் மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோபன்ஹேகனில் 736 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு 24-ஆவது வாரத்திலிருந்து தினமும் 2.4 கிராம் ஒமேகா-3, அதாவது மீன் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு, கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குத் தொடர் இளைப்பு நூற்றுக்கு 24-இலிருந்து 17 ஆகக் குறைந்தது, மீன் அதிகம் தின்னாத தாய்மார்களுக்குத்தான் பலன் கூடுதல். உணவு அலர்ஜி குறையவில்லை. உங்கள் கணவருக்கு இளைப்பு இருப்பதால் யோசிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அது பெரிய அளவு, மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். நான் முதலில் சொல்வது மீன்தான். மத்தி, நெத்திலி, அயிலை, வாரம் இரண்டு மூன்று தடவை. விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் அதில்தான் அதிகம். சுறாவும் பெரிய பெரிய வஞ்சிரமும் பாதரசம் சேரும் மீன்கள், பிரசவம் வரை விட்டுவிடுங்கள். முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும், ஆஃப்பாயில் வேண்டாம். கடலை வாயில் போட்டதும் கசந்தாலோ பூஞ்சை தெரிந்தாலோ துப்பிவிடுங்கள். வீட்டுக்குள் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது, பிள்ளையின் நுரையீரலுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவிகளில் அது மாத்திரையைவிடப் பெரியது.

ரத்தத்துக்குச் சத்து மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறீர்களா? 9.1 என்றால் டாக்டர் ஒன்றுக்குப் பதில் இரண்டாகச் சொல்லியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். காபி, டீ, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இவற்றோடு சேர்த்து விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாக ஏறும். முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, மீன், ஒரு கைப்பிடி அவித்த கடலை, இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர் என்று ஒரு நாள் போகட்டும். பால் திரும்ப ஆரம்பிக்கும்போது வயிறு உப்பினால் தயிரிலிருந்து தொடங்குங்கள்.

மூத்தவளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அவளுக்கும் வழி இருக்கிறது. முட்டை அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் மெல்ல விலகிவிடும். ஒன்றரை வயதில் செய்த பரிசோதனையை வைத்துக்கொண்டு 4 வயதிலும் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, இந்த வருஷமே ஒரு தடவை திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். கேக்கில் வெந்த முட்டை அவளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், வீட்டில் சோதிக்க வேண்டாம். தட்டம்மைத் தடுப்பூசிக்கும் முட்டை அலர்ஜிக்கும் சம்பந்தமில்லை, விட்டுப் போயிருந்தால் போட்டுவிடலாம். நீங்கள் வீட்டில் முட்டை சாப்பிடலாம், அவள் தட்டில் கலக்காமல், கை கழுவிக்கொண்டு.

உங்கள் அத்தைக்கு இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பேத்தியின் உதடு வீங்கியதைப் பார்த்தவர்கள், அந்தப் பயம்தான் அப்படிப் பேசச் சொல்கிறது. இந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்து, முட்டையை மசித்துப் பட்டாணி அளவு எடுத்து ஊட்டும் நாள் வரும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊட்டுகிற வேலையை அத்தையிடமே கொடுங்கள். அதற்கு முன்னால் அடுத்த மாதப் பரிசோதனையில் எடை எவ்வளவு ஏறியது, ரத்தம் எவ்வளவு வந்தது என்று எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.